அம்மா இடித்த அடுப்பும் புகைக்குழாய்த் தகடும்

மக்காச்சோளம் அறுத்து முடிச்சாச்சு. அடுத்த உழவுக்கு மழையைப் பார்த்துக்கிட்டு இருக்கோம். இந்த ஓய்வில் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கொட்டகை அடுப்பில் ஒரு சின்ன வேலை பார்த்தேன். புகைக்குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு மாட்டினேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதை மாட்டப் போய், எங்க வீட்டில் முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல தீராமல் கிடந்த ஒரு வழக்கு தீர்ந்தது. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். நடுவில் கொஞ்சம் சரித்திரமும் வரும், பொறுத்துக்கங்க.

வழக்கு இதுதான். 1986இல் எங்கள் ஊரில் பதினோரு வீட்டுக்குப் புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுத்தார்கள். அதில் எங்கள் வீடும் ஒன்று. ரெண்டே வருஷத்தில் அம்மா கடப்பாரையை எடுத்து அதை இடித்துப் போட்டுவிட்டார். "ஓசியில வந்ததை வச்சுப் பிழைக்கத் தெரியல" என்று அப்பா சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டினார். அம்மா பதில் பேச மாட்டார். யார் பக்கம் நியாயம் என்று எனக்கும் அப்போது தெரியாது. சொல்லப்போனால் நானும் அப்பா பக்கம்தான்.

அந்த அடுப்பு வருவதற்கு முன்னால் எங்கள் அடுப்படியில் இருந்தது கொடி அடுப்பு. முன்னால் ஒரு வாய், பக்கத்தில் கொடிக்கு ஒரு துவாரம். சோறு வெந்து முடிவதற்குள் குழம்பும் கொதித்துவிடும். ஆனால் புகைக்குப் போக்கிடம் கிடையாது. ஓட்டு இடுக்கு வழியாகப் போனால்தான் உண்டு. சுவரெல்லாம் தார் பூசின மாதிரி இருக்கும். அப்பத்தா ஊதாங்குழலை வைத்துக்கொண்டு ஊதி ஊதி, அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்து இருமுவார். ஊரில் எல்லாக் கிழவிகளும் இருமினார்கள். அது வயசு இருமல் என்று நினைத்தோம்.

புது அடுப்பு வந்ததும் அடுப்படி வெளுத்தது. ரெண்டு பானை வைக்கிற மண் அடுப்பு. பின்னால் சிமெண்ட் குழாய் கூரையைத் தாண்டிப் போய், மேலே தொப்பி போட்டிருக்கும். முதல் மாதம் பக்கத்துத் தெருவில் இருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். அப்பத்தா அடுப்படியிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

ரெண்டாவது மாதத்திலிருந்து விறகுப் பிரச்சினை ஆரம்பித்தது. முன்னாடி மூன்று நாள் வந்த ஒரு கட்டு, ரெண்டு நாளைக்கே பத்தவில்லை. எங்க ஊரில் விறகு என்றால் கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலம். அம்மாவும் அத்தையும் காலையில் அரிவாளோடு போய் முள்ளில் கிழிபட்டு வெட்டி, தலைச்சுமையாகக் கொண்டு வர வேண்டும். "புகையை இழுக்கும்னு சொன்னாக. இது தீயவே இழுக்குது" என்று அம்மா சொன்னார். அதைப் போட்டுக் கொடுத்தவர்களிடமும் சொன்னார். "பழகப் பழகச் சரியாயிரும்" என்று பதில் வந்தது. சரியாகவில்லை. அடுத்த மழைக்காலத்தில், விறகு நனைந்து கிடந்த ஒரு நாள், கடப்பாரை விழுந்தது. கொடி அடுப்பு திரும்ப வந்தது. புகையும் திரும்ப வந்தது.

இப்போது நான் கட்டிய அடுப்புக்கு வருகிறேன். வீட்டுக்குள் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும் குளிக்க வெந்நீர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்க, விசேஷத்துக்குப் பெரிய சமையல் இதுக்கெல்லாம் சிலிண்டர் கட்டுபடியாகாது. அதனால் கொட்டகையில் செங்கல் வைத்து ரெண்டு கண் அடுப்பு கட்டினேன். அம்மாவுக்குப் புகை ஆகாது என்று நாலு இஞ்ச் இரும்புக் குழாயும் வைத்தேன். ஒரு வாரம் ஆச்சு. அம்மா வந்து பார்த்தார். குழாயைத் தொட்டுப் பார்க்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏய்யா, இதுவும் அந்த அடுப்பு மாதிரியே இழுக்குதே."

விறகுக் குவியலைப் பார்த்தேன். உண்மைதான்.

அந்த வாரம் எங்க மாமா ஒருத்தர் வந்திருந்தார். அரிசி ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல பாய்லர் பார்த்தவர். அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மாப்ள, எங்க டேம்பர்?" என்றார். நான் முழித்தேன். "குழாய் வச்சா டேம்பர் வைக்கணும்டா. டேம்பர் இல்லாத பாய்லர் உமியக் கொட்டக் கொட்டத் தின்னுட்டே இருக்கும், ஸ்டீம் ஏறாது."

அவர் விளக்கிச் சொன்னது இது. சூடான காற்று லேசானது, மேலே ஏறும். அது ஏறுகிற வேகத்துக்குக் கீழே அடுப்பு வாய் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். குழாய் உயரமாக உயரமாக, உள்ளே சூடு கூடக் கூட, இழுவையும் கூடும். பற்றவைக்கும்போது இந்த இழுவை வேணும். இல்லையென்றால் புகை நம்ம மூஞ்சிக்கு வரும். ஆனால் தீ பிடித்த பிறகு அதே இழுவை வேண்டாத காற்றையும் சேர்த்து இழுக்கும். விறகு படபடவென்று எரியும். பானைக்கடியில் நின்று சூடு கொடுக்க வேண்டிய தீ, நிற்காமல் குழாய்க்குள் ஓடிவிடும். குழாய்க்குள் ஒரு தகட்டை வைத்துத் திருப்பினால் வழி குறுகும், ஓட்டம் நிதானிக்கும். வாய்க்காலில் மடை போடுகிற மாதிரிதான். மடை இல்லாத வாய்க்கால் எந்த வயலுக்குப் பாயும்?

இவ்வளவு சின்ன விஷயம் 1986இல் யாருக்கும் தெரியாதா என்று எனக்கு ஒரு கோபம். ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தெரிந்திருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்திருக்கிறது.

பழைய அறிவு

பெஞ்சமின் தாம்சன் என்று ஒருவர். 1753இல் அமெரிக்காவில் பிறந்தவர். பிறகு ஜெர்மனியின் பவேரியா அரசில் வேலைக்குப் போய் ரம்ஃபோர்ட் பிரபு ஆனார். 1790 புத்தாண்டு அன்று மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்களைத் திரட்டி, ஒரு வேலை இல்லத்தில் சேர்த்துச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். தினமும் நூற்றுக்கணக்கான பேருக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். விறகுச் செலவு கையைக் கடித்தது. அதனால் அடுப்பையே ஆராய ஆரம்பித்தார். அந்தக் காலத்து ஐரோப்பிய அடுப்படியில் தீ திறந்தே கிடக்கும். மேலே பெரிய புகைக்கூண்டு. சூட்டில் பெரும்பகுதி அதன் வழியாகவே போய்விடும். ரம்ஃபோர்ட் தீயை மூடினார். ஒவ்வொரு பானைக்கும் தனித் தீக்குழி வைத்தார். சாம்பல் வாயில் காற்றை அளந்து விடும் கதவு, புகைப்பாதையில் திருப்பும் தகடு. காற்று உள்ளே வருகிற இடத்திலும், புகை வெளியே போகிற இடத்திலும் ரெண்டு பக்கமும் பிடி. இதையெல்லாம் படம் போட்டுக் கட்டுரைகளாக அச்சிட்டார்.

மாமா அரிசி ஆலையில் பிடித்த டேம்பர் கைப்பிடியும் அதே வேலையைத்தான் செய்தது. ஆலை முதலாளிக்கு உமி காசு. காசு கணக்கு இருக்கிற இடத்தில் தகடு காணாமல் போகவில்லை. அம்மா சுமந்த விறகுக்கு எந்த நோட்டிலும் கணக்கு கிடையாது.

நம்ம நாட்டில் நடந்தது

நம்ம நாட்டிலும் இந்த வேலை முன்னாடியே தொடங்கியிருக்கிறது. அதில் ஒரு பெயர் எங்க பக்கத்து ஆளுங்களுக்கு நெருக்கமானது. ஜே.சி.குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பு, நியூயார்க்கில் பொருளாதாரம். காந்தியைச் சந்தித்த பிறகு கதருக்கு மாறினார். 1934இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் அவர்தான். வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம், தேனீ என்று கிராமத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். புகைபோக்கி வைத்த மகன் சூல்ஹா என்ற அடுப்பு 1947 வாக்கில் அங்கிருந்துதான் வந்தது. குமரப்பா கடைசிக் காலத்தில் எங்க மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் காலமானார். அந்த ஆசிரமம் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அங்கே வாழ்ந்தவருக்கும் அடுப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று இப்போதுதான் தெரிந்தது.

அடுத்தவர் எஸ்.பி.ராஜு. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர். கோடிக்கணக்கானவர்களுக்குப் புகையில்லா அடுப்படி என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம் எழுதினார். 1953இல் சென்னையில் அச்சானது. அவருடைய அடுப்பு மண்ணால் ஆனது. பல பானை வைக்கலாம், புகைக்குழாய் உண்டு. கூடவே தீயின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க நகர்த்தக்கூடிய உலோகத் தகடும் உண்டு.

அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்க வீட்டுக்கு அந்த அடுப்பு வருவதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே, தகடு இருந்த அடுப்பு நம்ம நாட்டில் இருந்திருக்கிறது.

ராஜு போன்றவர்கள் முதலில் பார்த்தது புகையை. அது சரியான பார்வைதான் என்பதை டாக்டர்களும் சீக்கிரமே சொன்னார்கள். டாக்டர் எஸ்.பத்மாவதி, பர்மாவில் பிறந்து, யுத்தக் காலத்தில் குடும்பத்தோடு கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர், பிறகு டெல்லியில் பெரிய இதய மருத்துவர் ஆனார். நுரையீரல் கெட்டு அதனால் இதயமும் வீங்கிப்போன 127 நோயாளிகளைப் பற்றி 1959இல் அவரும் இன்னொரு டாக்டரும் சேர்ந்து எழுதினார்கள். பீடி, சிகரெட் பழக்கம் அதிகம் இல்லாத பெண்களுக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்று யோசித்து, அடுப்புப் புகை மேல் சந்தேகத்தை வைத்தார்கள். 1983இல் வெளியான இன்னொரு ஆய்வில், குஜராத் கிராமங்களில் சமைக்கிற பெண்கள் சுவாசிக்கும் புகையைக் கருவி வைத்தே அளந்து சொன்னார்கள். அப்பத்தாவின் இருமலை வயசு இருமல் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இதெல்லாம் நடந்திருக்கிறது.

ஆனால் 1970களில் கவனம் வேறு பக்கம் திரும்பியது. பெட்ரோல் விலை ஏறியது, காடு அழிகிறது என்ற பேச்சு வந்தது. ஏழைகளின் எரிபொருள் பஞ்சம் விறகுப் பஞ்சம்தான் என்று எரிக் எக்ஹோம் 1975இல் எழுதினார். அதுவரை புகைக்காகக் கட்டிய அடுப்பை இனி விறகுக்காகக் கட்ட வேண்டும் என்றார்கள். 1976இல் குவாத்தமாலா நாட்டில் பெரிய பூகம்பம் வந்தது. அதற்குப் பிறகு அங்கே லொரேனா என்று ஒரு அடுப்பு உருவானது. மணலும் களிமண்ணும் கலந்து கட்டி, உள்ளே பாதை குடைந்து, தகரத் தகடு சொருகி, குழாய் வைத்த அடுப்பு. உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிறகு எடை போட்டுச் சோதித்தபோது ஒரு அதிர்ச்சி. பல இடங்களில் அது மூன்று கல் அடுப்பைவிட விறகு மிச்சம் பிடிக்கவே இல்லை. அவ்வளவு கனமான மண் உடம்பு சூடாகவே நிறைய விறகு போய்விடும். ஆகத் தகடு இருந்தால் மட்டும் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும்.

நம்ம நாட்டில் 1983 டிசம்பரில் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கியது. 2002 வரை நடந்தது. மூன்று கோடிக்கும் அதிகமான அடுப்புகள் போடப்பட்டன. நல்ல வேலையும் நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் அஸ்திரா குழுவினர் நன்றாக அளந்து ஒரு மூன்று பானை அடுப்பு செய்தார்கள். ஹரியானாவில் நாடா என்ற கிராமத்தில் மது சரீன் என்ற கட்டடக்கலைஞர், ஊர்ப் பெண்களையே அடுப்பு கட்டும் மேஸ்திரிகளாக்கினார். கட்டுகிறவளே சமைக்கிறவளாகவும் இருந்தால், எங்கே தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் திட்டம் பெருகப் பெருக எத்தனை அடுப்பு போட்டோம் என்ற எண்ணிக்கைதான் முக்கியமானது. போட்ட அடுப்பில் நிறைய கொஞ்ச காலத்திலேயே பயன்பாட்டில் இல்லாமல் போயின.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான். புகை ஒரு கணக்கு, விறகு ஒரு கணக்கு. குழாய் வைத்தால் புகைக் கணக்கு தீரும், விறகுக் கணக்கு கூடும். குழாயை எடுத்தால் விறகு மிச்சமாகும், நெஞ்சு கெடும். ரெண்டையும் சமன் செய்யத்தான் அந்தத் தகடு. எங்க வீட்டு அடுப்பில் அது இல்லை. அம்மா ரெண்டு கணக்கையும் தலையில் சுமந்தவர். முள்ளு வெட்டி முதுகு ஒடிவதா, புகையில் கண் எரிவதா என்று அவருக்குத்தான் முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தார். திட்டும் வாங்கினார்.

தகடு மாட்டியது

சரி, வேலைக்கு வருவோம். செய்ய நினைக்கிறவர்களுக்காக விவரமாகவே சொல்கிறேன்.

பழைய இரும்புக் கடையில் மூன்று மில்லிமீட்டர் கனத் தகடு வாங்கி, குழாயின் உள்விட்டத்துக்கு வட்டமாக வெட்டினோம். குழாயில் எதிரெதிரே ரெண்டு துளை போட்டு, எட்டு மில்லிமீட்டர் கம்பியைக் குறுக்கே விட்டு, தகட்டைக் கம்பியோடு போல்ட் போட்டு முடுக்கினோம். வெல்டிங் வைக்கவில்லை. வருஷத்துக்கு ரெண்டு தடவை குழாயைத் தட்டிக் கரி எடுக்க வேண்டும், அப்போது தகட்டைக் கழற்ற முடிய வேண்டும். கம்பியின் வெளி நுனியை வளைத்துக் கைப்பிடி ஆக்கினோம். தகடு எப்படி நிற்கிறதோ கைப்பிடியும் அப்படியே நிற்கணும். கைப்பிடி குழாயோடு சேர்ந்து நெட்டுக்க நின்றால் திறந்திருக்கு, குறுக்கே நின்றால் அடைச்சிருக்கு. ஸ்பிரிங் வாஷர் ஒன்று போட்டோம், விட்ட இடத்தில் நிற்பதற்கு.

முதல் நாள் ஒரு தப்பு செய்தேன். தகட்டைக் குழாய்க்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி வெட்டியிருந்தேன். சூட்டில் தகடு விரிந்து, பாதி திரும்பினதோடு இறுகிவிட்டது. கொட்டகை முழுக்கப் புகை. அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே வெளியே வந்தார். "பழகப் பழகச் சரியாயிரும்னு மட்டும் சொல்லிராத" என்றார். மறுபடி மாமாவிடம் போன் போட்டேன். "ஏண்டா, மூடி செய்யச் சொன்னேனா, டேம்பர் செய்யச் சொன்னேனா? சுத்தியும் இடம் விடு. நடுவுல ஒரு ஓட்டை போடு. எப்பவும் முழுசா அடைபடக் கூடாது" என்றார்.

சுற்றிலும் ராவி, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டிய பிறகுதான் சரியானது. இது விளையாட்டு இல்லைங்க. கங்கு கனன்றுகொண்டிருக்கும்போது புகைவழியை முழுசா அடைத்தால் கார்பன் மோனாக்சைடு வாயு அறைக்குள் தங்கும். வாசனை இருக்காது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மூடிய அறையில் அடுப்பு வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் ஜன்னல் திறந்து வைக்கணும். பற்றவைக்கும்போதும் புது விறகு போடும்போதும் தகடு முழுசாகத் திறந்திருக்க வேண்டும். தீ நன்றாகப் பிடித்து, புகை குறைந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பணும். வாய்ப்பக்கம் புகை எட்டிப் பார்த்தால் உடனே திறந்துவிடணும்.

இன்னொன்று. பழைய புகையில்லா அடுப்பின் சிமெண்ட் குழாய் யார் வீட்டிலாவது இருந்தால் அதில் துளை போடாதீர்கள். பெரும்பாலும் அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். இரும்புக் குழாய்க்கு மாறிவிடுங்கள்.

கைப்பிடியின் உயரத்தை நான் என் நெஞ்சளவுக்கு வைத்திருந்தேன். மணையில் உட்கார்ந்து சமைக்கிற அம்மாவுக்கு எட்டவில்லை. அதையும் இறக்கி வைத்தேன். முதல் நாள் சாயங்காலம் அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுசாகத் திறந்தால் தீ நாக்கு ரெண்டாவது பானையைத் தாண்டிக் குழாய்க்குள் நுழைகிறது. முக்கால்வாசி திருப்பினால் பானை அடியில் படர்ந்து நிற்கிறது. என் மனைவியைக் கூப்பிட்டு, "இங்க பாரும்மா, தீ உக்காருது" என்று காட்டினார். ரெண்டு பேரும் மாறி மாறித் திருப்பினார்கள். மூன்றாவது நாளே எந்தப் பானைக்கு எவ்வளவு என்று அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. குழாயில் சாக்பீஸால் கோடு கிழித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சிரித்தார்கள்.

எட்டு நாள் வந்த விறகு இப்போது பத்து, பதினோரு நாள் வருகிறது. இது எங்க வீட்டுக் கணக்கு மட்டும்தான். உங்க அடுப்பின் அமைப்பு, விறகின் ஈரம், சமைக்கிறவர் கை இதைப் பொறுத்து மாறும்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிந்ததும், நான் படித்ததை எல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஹைதராபாத்காரர் தகடு வைத்த அடுப்பு செய்ததை, 1953இலேயே புத்தகம் போட்டதை, நம்ம வீட்டு அடுப்பில் அந்தத் தகடு இல்லாததை. அம்மா கேட்டுக்கொண்டே பாக்கு வெட்டினார்.

"அப்ப எம்மேல தப்பு இல்லைல்ல?"

"இல்லம்மா."

"உங்கப்பா இருந்திருந்தா அவுகளுக்கும் இதைச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் எழுந்து போய்க் கொட்டகை அடுப்பில் கங்கு இருக்கிறதா என்று பார்த்தார். கைப்பிடியைப் பிடித்துத் தகட்டை முழுசாகத் திறந்து விட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

மாமா அடுத்த வாரம் வருகிறார். பக்கத்து வீட்டு மதினி தன் அடுப்புக்கும் ஒரு தகடு வேணும் என்று சொல்லியிருக்கிறார். மீதித் தகடு கொட்டகையில்தான் கிடக்கிறது. மழை வருவதற்குள் அதையும் முடித்துவிடணும்.